திறப்பு வைச்சிருந்தவன்

அத்தியாயம் 6

லண்டன் பிளேஸ்டோவில் ஆறு பேர் ஒரே வசனத்தைச் சொன்னார்கள். சொல் பிசகாமல் சொன்னார்கள். ஸுலைஹாவுக்குப் பிடிக்காமல் போனதே அதுதான்.

"'திறப்பு வைச்சிருந்த பாலேந்திராதான் அடிச்சவன்.' மயங்குறதுக்கு முதல் சபாரத்தினம் அண்ணை தன்ர வாயால சொன்னவர்."

பொலிஸுக்கும் இதே வசனம். கோயிலிலும் இதே வசனம். மீன் வாங்குகிற இடத்திலும் இதே வசனம்.

"ஆறு பேர், ராத்தா." பஸ்தி காரின் ஸ்டியறிங்கில் தாளம் போட்டான். "லண்டனில ஆறு தமிழர் ஒரு விசயத்தில ஒத்துப்போறதே அற்புதம். வத்திக்கானுக்கு அறிவிக்கலாம்."

"றோட்டைப் பாரும்."

பஸ்தி என்கிற பஸ்தியாம்பிள்ளை அவளுடைய உதவியாள், அக்கா முறையில் அவளை ராத்தா என்பான்; மன்னார்க் கத்தோலிக்கன். வாய் மூடாத வரம் பெற்றவன். ஸுலைஹா யாழ்ப்பாணத்து முஸ்லிம்களின் சோனகதெருவில் பிறந்தவள். நபியின் சொல்லும் செயலும் பற்றி வந்த செய்திகளுக்கு ஹதீஸ் என்று பேர். அவற்றைத் தரம் பிரிக்க அறிஞர்கள் வைத்த சொற்களுக்கு யார் யார் என்ன வரைவிலக்கணம் கொடுத்தார்கள் என்று லண்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய வந்தாள். கோர்ட்டில் மொழிபெயர்க்கப் போன இடத்தில் ஒரு சொலிசிற்றர் அவளுடைய கேள்வி கேட்கும் விதத்தைக் கண்டு, தன் வழக்குகளுக்குத் துப்புத் தேட அவளைப் பிடித்துவைத்துக்கொண்டார். இப்போது வெம்பிளியில் ஒரு சேலைக்கடைக்கு மேல் அவளுக்கு ஒரு ஒபிஸ். அந்த ஒபிஸின் பின்னறையில்தான் மூன்று நாளாகப் பாலேந்திரா ஒளிந்திருந்தான்.

விசயம் இதுதான். சபாரத்தினம் பிளேஸ்டோவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். போன வியாழன் காலை கடையின் பின்னறையில் அவருடைய தலையில் இரும்புக் கம்பி இறங்கியது. பின் கதவு உடைக்கப்படவில்லை, பூட்டில் திறப்பு, அதாவது சாவி, போட்டுத் திறக்கப்பட்டிருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் விழிக்கவில்லை. கடையில் வேலை செய்த பாலேந்திராவுக்கும் அவருக்கும் இடையில் வாய்ச்சண்டை நடந்தது தெருவுக்கே தெரியும். பாலேந்திராவிடம் பின் கதவுத் திறப்பு இருந்ததும் தெருவுக்கே தெரியும்.

"என்னட்டத் திறப்பு இல்லை, அக்கா," என்று அவன் அடித்துச் சொன்னான். "அதுக்கு முதல் கிழமையே முதலாளி வாங்கிப்போட்டார்." யாருக்கு முன்னால் வாங்கினார் என்று கேட்டால், ஒருவருக்கும் முன்னால் இல்லை என்றான். பொலிஸ் அவனை விசாரித்துவிட்டு, சபாரத்தினம் விழிக்கட்டும் என்று விட்டுவிட்டது. தெரு அவ்வளவு பொறுமையாக இருக்கவில்லை. அவனுடைய அறை ஜன்னலால் ஒரு செங்கல் வந்தது. அடுத்த நாள் கிரிக்கெட் மட்டைகளோடு நாலு பேர் வந்தார்கள்.

"உங்கட ஆராய்ச்சியில இதுக்கு ஒரு பேர் இருக்குமே?" பஸ்தி கேட்டான். "ஆறு பேர் ஒரே கதையைச் சொன்னால்?"

"முதவாத்திர் எண்டு ஒரு தரம் இருக்கு. ஒரு செய்தியை ஒரு கூட்டம் சொல்லவேணும். சேர்ந்து பொய் சொல்லியிருக்கவே ஏலாத கூட்டம். அப்பிடி வந்தால் ஆளாளாய் விசாரிக்கத் தேவையில்லை, உண்மை எண்டு எடுக்கலாம்."

"எத்தனை பேர் எண்டால் கூட்டம்?"

"அதில பெரிய சண்டை. நாலு எண்டவையும் இருக்கினம், பத்து எண்டவையும் இருக்கினம், நாற்பது எண்டவையும் இருக்கினம். தலை எண்ணுறதில வேலையில்லை எண்டு கவனமான ஆக்கள் சொல்லிப்போட்டினம். ஆனால் ஒரு நிபந்தனை. சங்கிலியின்ர கடைசியில நிக்கிறவை தங்கட கண்ணால கண்டிருக்கவேணும், இல்லாட்டில் காதால கேட்டிருக்கவேணும்."

"அப்ப நாங்கள் ஆறு சோடிக் காது தேடிப் போறம்."

"ஓம். எத்தனை சோடி மிஞ்சுது பாப்பம்."

கடைக்கு நேர் எதிரே லோண்டறி. அதை நடத்துகிற தவமலர் ஸுலைஹாவின் தலைத்துணியைப் பார்த்தாள். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்தாள். மெஷினின் கதவை அறைந்து சாத்தினாள்.

"பொலிஸுக்குச் சொல்லியாச்சு. சோனகத்திக்குத் திரும்பச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கில்லை."

"எனக்குச் சொல்லுங்கோ, அக்கா," என்றான் பஸ்தி. "நான் சிலுவை போட்ட ஆள்."

"நீ அவளுக்கு வால் பிடிக்கிற ஆள். இரண்டு பேரும் வெளிய போங்கோ. அந்தக் கொலைகாரனைக் காப்பாத்த வந்திட்டியள்."

"சபாரத்தினம் அண்ணை உயிரோடதான் இருக்கிறார்," ஸுலைஹா சொன்னாள். "நீங்கள் பொலிஸுக்குச் சொன்னதைத்தான் கேட்கிறன். உண்மை எண்டால் திருப்பிச் சொல்ல என்ன பயம்?"

தவமலருக்கு அது சுட்டது. "எனக்கென்ன பயம்? நான் அந்த இடத்தில நிண்டனான். அண்ணையைத் தூக்கேக்க இரத்தத்தைக் கண்டனான்."

"எங்கை நிண்டனீங்கள்?"

"றோட்டில. அம்புலன்ஸுக்குப் பக்கத்தில."

"கண்டதை நம்புறன். நான் கேட்கிறது காதைப் பற்றி. அண்ணை எப்பிடிச் சொன்னவர்?"

"எப்பிடியோ? கண்ணைத் திறந்து, மச்சான் யோகராஜாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, 'திறப்பு வைச்சிருந்த பாலேந்திராதான் அடிச்சவன்' எண்டு சொன்னவராம்."

மெஷினுக்குள் யாருடையதோ சட்டைகள் சுழன்றன.

"சொன்னவரோ," ஸுலைஹா மெதுவாகக் கேட்டாள், "சொன்னவராமோ?"

தவமலர் மெஷினில் இருந்து கையை எடுத்தாள். "என்ன வித்தியாசம்?"

"பொலிஸுக்கு இங்கிலீசில சொன்னீங்கள். இங்கிலீசில அந்த 'ஆம்' விழுந்துபோகும். அவங்கள் நீங்கள் நேரே கேட்டதா எழுதியிருப்பாங்கள். ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"யோகராஜாதான் சொன்னவன். அவன் பொய் சொல்லுவானோ? அவன் அண்ணையின்ர மனிசிக்குத் தம்பி! வெளிய போ!"

வெளியே போனார்கள். குளிர் காற்றில் பஸ்தி கையை உரசினான். "அக்காவின்ர வசனத்தில ஒரு வால் முளைச்சதை நானும் கண்டனான், ராத்தா. ஆனால் அவ பொய் சொல்லேல்லையே."

"இல்லைத்தான். அதுதான் அந்தக் குறையின்ர கெட்டித்தனம். தத்லீஸ் எண்டு பேர். ஒருத்தர் பெரியவரைச் சந்திச்சிருப்பார், அவரிட்ட வேறை எத்தனையோ கேட்டிருப்பார். இந்த ஒரு செய்தியை மட்டும் நடுவில ஒரு ஆளிட்டக் கேட்டிருப்பார். நடு ஆளை ஒளிச்சுப்போட்டுப் பெரியவர் பேரை மட்டும் சொல்லுவார். 'நான் கேட்டன்' எண்டு சொல்லமாட்டார், அப்பிடிச் சொன்னால் பொய்யாப்போகும். 'அவரிட்ட இருந்து' எண்டு மழுப்புவார். அரபியில அதுக்கு ஒரு சின்னச் சொல் இருக்கு, 'அன்'. எங்களுக்கு 'ஆம்'."

"அப்பிடிப்பட்ட ஆளை என்ன செய்யிறது?"

"'நான் கேட்டன்' எண்டு துலக்கமாச் சொல்லும் வரைக்கும் அவரின்ர செய்தியை எடுக்கமாட்டினம்."

தெரு நீளத்துக்கு நடந்தார்கள். பாண்கடைக்காரர் கதவைப் பாதி திறந்து பாதியில் பேசினார்: "சொன்னவராம்." கோயில் கமிற்றியில் இருந்தவர் ஸுலைஹாவைப் படிக்கட்டில் நிற்க வைத்துவிட்டுப் பஸ்தியோடு மட்டும் கதைத்தார்: "சொல்லிப்போட்டுத்தான் மயங்கினவராம்." மற்ற இரண்டு பேரும் பஸ் தரிப்பில் நின்றார்கள். அதில் ஒருவன் நிலத்தில் துப்பினான். மற்றவன் பாலேந்திரா எங்கே என்று கேட்டான், கேட்டபோது சிரிக்கவில்லை. அவர்களுடைய வாயிலும் அதே வால். எல்லா வாலையும் பிடித்து இழுத்தால் ஒரே ஆளிடம் போய் நின்றது. ஆறாவது ஆள், யோகராஜா.

"ஆறு சோடிக் காதில ஒரு சோடி மிஞ்சியிருக்கு," என்றான் பஸ்தி. "இதுக்கும் ஒரு பேர் வைச்சிருப்பினமே?"

"ஒரு கட்டத்திலயாவது ஒரே ஒருத்தர் மட்டும் சொல்லுற செய்திக்குப் பேர் கரீப். அந்நியன் எண்டு கருத்து."

"இமிக்கிரேசனில எங்களுக்கும் அதே முத்திரைதான்."

"அந்நியன் எண்டதால பொய்யன் எண்டில்லை. தனி ஆள் சொன்னதும் சரியா இருக்கலாம். ஆனால் அந்த ஆளை நல்லாப் பார்க்கவேணும். அதுக்கு முதல், அந்த இடத்தில வேறை ஆராவது நிண்டதோ எண்டும் பார்க்கவேணும்."

அவள் நிமிர்ந்து கடைக்கு மேலே பார்த்தாள். மேல் வீட்டில் ஒரு திரை அசைந்து நின்றது.

மேல் வீட்டு மெற்றில்டாவின் கதவு சங்கிலி போட்ட அளவுக்கு மட்டும் திறந்தது.

"அன்ரி, நானும் மன்னார்தான்—"

"மன்னார் எண்டால் கதவு திறக்குமோ? மன்னாரில எத்தனை கள்ளர் இருக்கிறாங்கள் எண்டு எனக்குத் தெரியும்."

பஸ்தி ஒரு படி கீழே இறங்கினான். ஸுலைஹா முன்னுக்கு வந்தாள். "கீழ்க் கடையில அண்ணை அடிபட்ட அண்டைக்கு நீங்கள் இறங்கி வந்தனீங்களோ?"

"வந்தனான். அந்தாளின்ர ஐஸ்பெட்டி மோட்டர் விடிய விடியக் கத்துது. அண்டைக்கு அதோட ஒரு சத்தம். பேசுவம் எண்டு பின் படியால இறங்கினனான். கதவு ஆவெண்டு திறந்து கிடந்தது. அந்தாள் நிலத்தில."

"இதை ஏன் பொலிஸுக்குச் சொல்லேல்லை?"

"ஆர் கேட்டது? அந்தத் தெருவுக்கு நான் பைத்தியம். பொலிஸ்காரன் வந்து மணி அடிச்சான். வெள்ளைக்காரனுக்கு நான் கதவு திறக்கிறேல்லை."

"அண்ணை கதைச்சவரோ?"

"'ஆர் அண்ணை உள்ளுக்கு வந்தது' எண்டு கேட்டனான். 'திறப்பு வைச்சிருக்கிறவன்' எண்டார். மிச்சத்தைச் சொல்ல வாயைத் திறந்தவர். அதுக்குள்ள அந்த யோகராஜா முன் பக்கத்தால ஓடி வந்தான். குந்தி இருந்து, 'திறப்பு வைச்சிருந்தவன் எண்டால் பாலேந்திராதான், பாலேந்திராவைத்தான் சொல்லுறார்' எண்டு கத்தினான். அந்தாள் அவனைப் பார்த்தார். பிறகு கண் செருகிப்போச்சு. அவ்வளவுதான். போங்கோ."

"மோட்டரைப் பற்றிக் கவுன்சிலுக்குச் சொன்னனீங்களோ?" ஸுலைஹா திடீரென்று கேட்டாள்.

மெற்றில்டாவுக்கு அதுதான் உயிர்ப் பிரச்சினை. கவுன்சில்காரர், சபாரத்தினம், எதிர்ப்பக்கத்துத் தவமலர், ஒருவரையும் விடவில்லை. மூச்சு வாங்கும் வரைக்கும் திட்டினாள். ஸுலைஹா தலையாட்டிக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, போகத் திரும்பியவள் போல, "அப்ப 'திறப்பு வைச்சிருந்தவன்' எண்டு சொல்லிப்போட்டு மயங்கிட்டார், என்ன?" என்றாள்.

"நான் அப்பிடிச் சொன்னனோ? காதில என்ன அடைச்சிருக்கு? 'வைச்சிருக்கிறவன்.' 'இருந்தவன்' எண்டது மற்றவன்!"

கதவு மூடியது. உள்ளே மூன்று பூட்டுப் போடும் சத்தம் கேட்டது.

படிக்கட்டில் பஸ்தி மூச்சு விட்டான். "வேணும் எண்டுதான் பிழையாச் சொன்னீங்கள்."

"பழைய ஆக்களின்ர சோதனை. செய்தியைப் புரட்டிக் குடுப்பினம். நினைவு நேரான ஆள் உடனே திருத்தும். இவ மனிசரில வெறுப்புப் பிடிச்சவ. ஆனால் சொல்லை மாத்தேல்லை."

"இவ சபாரத்தினத்துக்கு எதிரியல்லோ?"

"எதிரிக்கு எதிராச் சொன்னால் யோசிக்கவேணும். இவ சொன்னதில அவருக்கு ஒரு கெடுதியும் இல்லை. பாலேந்திராவுக்காகக் கதைக்கவும் இவவுக்கு ஒரு தேவையும் இல்லை."

"அப்ப பேர் எங்கையிருந்து வந்தது?"

"சொல்லுறவர் விளக்கத்துக்காகத் தன்ர சொல்லை நடுவில வைப்பார். அதுக்குப் பிறகு கேட்கிறவை இரண்டையும் பிரிக்காமல் ஒரே வசனமாக் கொண்டு போவினம். முத்ரஜ் எண்டுறது அதை. இன்னொரு வழியால அதே செய்தி வந்து, ஆரின்ர சொல் எது எண்டு பிரிச்சுக் காட்டினால்தான் பிடிபடும். மெற்றில்டாதான் அந்த இன்னொரு வழி." அவள் கடைசிப் படியில் நின்றாள். "ஆனால் அது சின்ன விசயம், பஸ்தி. நல்ல மனிசரும் அப்பிடி விளக்கம் சொல்லியிருக்கினம். எனக்கு இடிக்கிறது வேறை ஒண்டு. 'இருக்கிறவன்' ஏன் 'இருந்தவன்' ஆனது?"

யோகராஜா கடைக்குள் கல்லாவுக்குப் பின்னால் நின்றான். முப்பத்தைந்து வயது. லூயிஷாமில் இருந்து விடியப்புறம் வான் வண்டியில் சாமான் கொண்டுவந்து இறக்குகிறவன். அக்காவின் புருசன் விழுந்த பிறகு கடையும் அவன் கையில். ஸுலைஹா எங்கெங்கே போனாள் என்ற செய்தி அவளுக்கு முன்னாலேயே அங்கே வந்திருந்தது. பஸ் தரிப்பில் நின்ற இரண்டு பேரும் அரிசி மூட்டைகளுக்கு அருகில் நின்றார்கள். தவமலர் கையைக் கட்டிக்கொண்டு வாசலில். பஸ்தி உள்ளே வந்ததும் யாரோ கதவில் இருந்த பலகையை 'மூடியிருக்கிறது' பக்கம் திருப்பினார்கள்.

"சாமான் வாங்க வந்தால் வாங்குங்கோ," யோகராஜா சொன்னான். "இல்லாட்டில் போங்கோ."

"ஒரு இறாத்தல் உண்மை தாருங்கோ," என்றான் பஸ்தி. அரிசி மூட்டைப் பக்கத்தில் இருந்து ஒருவன் ஓரடி முன்னால் வந்தான். பஸ்தி ஓரடி பின்னால் போனான்.

"உங்கட அத்தான் சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ," என்றாள் ஸுலைஹா.

"'திறப்பு வைச்சிருந்த பாலேந்திராதான் அடிச்சவன்.' நான் கேட்டன். இந்த இரண்டு காதாலயும் கேட்டன்."

வால் இல்லை. சுத்தமான வசனம்.

"மேல் வீட்டு மெற்றில்டாவும் கேட்டவ. அவர் பேரே சொல்லேல்லை எண்டுறா. பேரைச் சொன்னது நீங்கள் எண்டுறா."

"அவ விசர்!" ஆனால் அவனுடைய கண் ஒருமுறை மேலே போய் வந்தது. மெற்றில்டா அன்று அங்கே நின்றதை அவன் மறந்திருக்கவில்லை. "சரி. பேரை நான் சொன்னன் எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ. அத்தான் ஆரைக் கருதினவர் எண்டு சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்."

"அப்ப அது உங்கட விளக்கம்."

"ஓம். விளக்கம்." அவன் அந்தச் சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டான். "விளக்கம் சொல்லுறது குற்றமோ?"

"தெரியாமல் சொன்னால் குற்றமில்லை."

யோகராஜா கல்லாவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தான். அவளுக்கு மிக அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான். "இவைக்கு முன்னால சொல்ல ஏலாது. நீங்கள் ஆருக்காக இப்பிடி ஓடித் திரியிறியள் எண்டு தெரியுமோ? தொண்ணூறு ஒக்டோபர். உங்கட சனத்தைக் கலைச்ச நாள். ஐந்து சந்தியில உங்கட ஆக்களின்ர பைகளைச் சோதிச்ச பெடியளில இந்தப் பாலேந்திராவும் நிண்டவனாம். இவன் இதுக்கு ஜெயிலுக்குப் போனால் என்ன, அதுக்குப் போனால் என்ன? உங்களுக்கும் நல்லதுதானே."

ஸுலைஹா கல்லாவின் விளிம்பைப் பிடித்தாள்.

அந்த ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னது ஊரைக் கையில் வைத்திருந்த ஆயுத இயக்கம். ஸுலைஹா அப்போது லண்டனில். சந்தியில் வைத்துப் பையைக் கொட்டிச் சோதித்தபோது உம்மாவின் மருந்துகளும் போயின என்று தம்பி பிறகு போனில் சொன்னான். புத்தளத்து அகதி முகாமில், அவள் விமான ரிக்கற் எடுப்பதற்கு முன்னாலேயே உம்மா மவுத்தாகி, அடக்கமும் முடிந்துவிட்டது. அந்தச் சந்தியில் நின்ற ஒரு முகத்தை இரண்டு வருசமாக அவள் மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தாள். இப்போது ஒருவன் அதற்கு ஒரு பேரைக் கொண்டுவந்து கையில் வைக்கிறான். எடுத்துக்கொண்டு வெளியே போனால் போதும். ஒன்றும் செய்யத் தேவையில்லை.

"ராத்தா?" பஸ்தியின் குரல் எங்கோ கேட்டது.

பகைவனைப் பற்றிப் பகைவன் சொல்லும் குறை, சான்று இல்லாமல் எடுபடாது. அவள் அந்த விதியை அடிக்குறிப்போடு எழுதியவள். எழுதும்போது அது இவ்வளவு கனக்கவில்லை.

"நீங்கள் கண்டீங்களோ?" அவள் கேட்டாள்.

"இல்லை. கன பேர் கதைக்கினம்."

"அப்ப அதை இண்டைக்கு விடுங்கோ." அவள் ஒரு முறை மூச்சை இழுத்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள். "எனக்கு ஒரேயொரு சந்தேகம். சபாரத்தினம் அண்ணை 'திறப்பு வைச்சிருக்கிறவன்' எண்டவர். நீங்கள் ஏன் அதை 'வைச்சிருந்தவன்' எண்டு மாத்தினீங்கள்?"

"இரண்டும் ஒண்டுதானே!"

"தவமலர் அக்கா, பாலேந்திராவிட்ட இந்தக் கடைத் திறப்பு இருக்கோ?"

தவமலருக்கு அவளோடு பேச விருப்பமில்லை. ஆனால் தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதும் அவளுக்கு ஏலாது. "ஓம், இருக்கு. இப்பவும் அவனிட்டத்தான் இருக்கு. பூட்டை மாத்து, பூட்டை மாத்து எண்டு நான் இவனுக்கு நாலு நாளாச் சொல்லுறன்."

"கேட்டீங்களோ? தெரு முழுக்க 'இருக்கு' எண்டு சொல்லுது. நீங்கள் ஒரு ஆள்தான் 'இருந்தது' எண்டுறியள். பூட்டையும் மாத்தேல்லை. நீங்கள்தான் சொல்லை மாத்திப் பொய் சொல்லியிருக்கிறியள்."

"நான் பொய் சொல்லேல்லை!" பின்னால் நின்றவர்களின் பார்வை அவன் கழுத்தில் ஏறியது. "இப்ப அவனிட்ட இல்லைத்தானே! அவனிட்ட இருந்து அதுக்கு முதல் கிழமையே வாங்கியாச்சு. அத்தான் என்னட்டக் குடுக்கேக்க—"

நிறுத்தினான்.

ஐஸ்பெட்டி மோட்டர் உறுமியது. மெற்றில்டா சொன்னது சரிதான், பெரிய சத்தம்.

"என்னட்டக் குடுக்கேக்க," ஸுலைஹா அந்தச் சொற்களைத் திருப்பிச் சொன்னாள். "அப்ப அண்டைக்குத் திறப்பு வைச்சிருக்கிறவன் ஆர், யோகராஜா?"

அரிசி மூட்டைக்கு அருகில் நின்றவன் திரும்பி யோகராஜாவைப் பார்த்தான். "நீ பாலேந்திராவிட்டத் திறப்பு இருக்கெண்டு தானே எங்களை மட்டையோட அனுப்பினனி?"

"வெளியால பார்த்தால் குறையே இல்லாத செய்தி," என்றாள் ஸுலைஹா. "ஆள் நம்பகமானவர், நேரே கேட்டவர், சங்கிலி அறேல்லை. உள்ளுக்குள்ள ஒரு நோய் ஒளிச்சிருந்தது. ஒரு காலம் மாறின சொல். பாலேந்திராவிட்டத் திறப்பு இல்லையெண்டு தெரிஞ்ச ஆள்தான் வாய் தவறி 'இருந்தவன்' எண்டு சொல்லும். அப்பிடித் தெரிஞ்சுகொண்டு அவன்ர பேரை நுழைச்சால் அது விளக்கமில்லை. இட்டுக்கட்டு."

யோகராஜா கல்லாவில் சாய்ந்தான். மறுப்பான் என்று பஸ்தி நினைத்தான். ஆனால் அவன் கத்தினான்.

"ஓம், அடிச்சனான்! என்ர அக்காவின்ர கையைப் போய்ப் பாருங்கோ. இரண்டு தரம் முறிஞ்ச கை. படியால விழுந்தவவாம். ஒவ்வொரு முறையும் படியாலதானாம்! அண்டைக்கு நான் கேட்கப் போனன். 'என்ர மனிசி, நான் அடிப்பன்' எண்டு அந்தாள் சிரிச்சவர். கம்பி கிடந்தது. எடுத்தன்."

"அதுக்குப் பாலேந்திரா என்ன செய்தவன்?"

"அவனைப் பற்றி ஆர் அழப்போகினம்? அவனுக்கு ஆர் இருக்கினம்?"

தவமலர் வாசலில் இருந்து உள்ளே வந்தாள். அவளுடைய கோபத்துக்கு இப்போது வேறு விலாசம் கிடைத்திருந்தது. "நான் பொலிஸுக்குக் கையெழுத்து வைச்சனான். உன்ர சொல்லை நம்பி, என்ர பேரில!" அவள் ஒரு பருப்பு டின்னை எடுத்து எறிந்தாள். அது யோகராஜாவின் காதுக்கு அருகில் சுவரில் மோதியது. அரிசி மூட்டைப் பக்கத்து இரண்டு பேரும் அவனை நோக்கி நகர்ந்தார்கள். பாலேந்திராவுக்கு ஓங்கிய அதே கைகள்.

ஸுலைஹா குறுக்கே போய் நின்றாள். "ஒருத்தரும் தொடப்படாது. பஸ்தி, பொலிஸுக்கு ரெலிபோன் அடியும்."

"நீ ஆர் எங்களுக்குச் சொல்ல?" என்றான் ஒருவன்.

"ஒருத்தனை அநியாயமா அடிக்கப் போனனீங்கள். இண்டைக்கு இன்னொருத்தனோ? ஆளை மாத்தினால் சரியோ?"

அவன் அவளை வெறித்துப் பார்த்தான். கையை இறக்கினான். நன்றியோ மன்னிப்போ அந்த முகத்தில் இல்லை. பொலிஸ் வரும் வரைக்கும் ஸுலைஹா யோகராஜாவுக்கு முன்னாலேயே நின்றாள்.

வெம்பிளிக்குத் திரும்பும் வழியெல்லாம் பஸ்தி மூன்று பகிடி விட்டான். மூன்றும் காரின் தரையில் விழுந்து கிடந்தன.

பாலேந்திரா ஒபிஸ் பின்னறையில் எழுந்து நின்றான். மெலிந்த பெடியன். மூன்று நாள் தாடி. பஸ்தி விசயத்தைச் சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, நீங்கள் எனக்குத் தெய்வம் மாதிரி—"

"நிப்பாட்டும்," என்றாள் ஸுலைஹா. கோட்டைக் கழற்றாமல் நின்றாள். "இண்டைக்கு உம்மைப் பற்றி ஒரு ஆள் ஒண்டு சொன்னவர். அவர் காணேல்லை, கேள்விப்பட்ட கதை. சங்கிலியே இல்லை. நான் அதை அந்த இடத்தில எடுக்கேல்லை."

"பொய்க்கதைதானே விட்டிருப்பாங்கள்."

"பலவீனமான செய்தி எண்டால் பொய் எண்டு கருத்தில்லை. நிரூபணம் இல்லை எண்டுதான் கருத்து. உண்மையாயும் இருக்கலாம். அதால உம்மட்ட நேரே கேட்கிறன். தொண்ணூறு ஒக்டோபரில ஐந்து சந்தியில நிண்டனீரோ?"

இல்லை என்று சொன்னால் முடிந்தது. உலகத்தில் ஒருவராலும் அதை நிரூபிக்க முடியாது. அது அவனுக்கும் தெரிந்தது. கீழே சேலைக்கடையில் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. பாலேந்திரா தன் கைகளைப் பார்த்தான்.

"நிண்டனான்," என்றான்.

பஸ்தி மேசையில் இருந்து எழுந்துவிட்டான். ஸுலைஹா அசையவில்லை.

"பைகளைக் கொட்டினது?"

"நானும் கொட்டினனான்."

அவள் ரெலிபோனை எடுத்தாள். இலக்கத்தைச் சுழற்றினாள். மறுபக்கத்தில் சொலிசிற்றர் பேசினார். "ஓம், ஸுலைஹாதான். பாலேந்திரா இதைச் செய்யேல்லை. யோகராஜா ஐந்து பேருக்கு முன்னால ஒத்துக்கொண்டிட்டார். மெற்றில்டா எண்டு ஒரு சாட்சி இருக்கிறா. அவவிட்ட நான்தான் போகவேணும், வேறை ஆருக்கும் கதவு திறக்கமாட்டா. ஓம். முழுக்க உறுதியாத்தான் சொல்லுறன். இவர் நிரபராதி."

றிசீவரை வைத்தாள். பாலேந்திரா கதவைப் பார்த்தான். போகலாமா என்று கேட்கத் துணிவு வரவில்லை.

"அந்த வழக்கு முடிஞ்சுது," என்றாள் அவள். ஒரு கதிரையை இழுத்து அவனுக்கு நேரே போட்டாள். மற்றதில் தான் இருந்தாள். "இரண்டு வருசமா எல்லாரும் எனக்கு 'செய்தவையாம்', 'எடுத்தவையாம்' எண்டுதான் சொல்லியிருக்கினம். 'நான்' எண்டு ஒருத்தரும் சொன்னதில்லை. நான் உம்மை மன்னிக்கப் போறதில்லை, அதை நினைச்சுக் கதைக்க வேண்டாம். ஆர் சொன்னது, ஆர் நிண்டது, ஆரின்ர பையில என்ன இருந்தது, எல்லாம் வேணும். இரும்."

பாலேந்திரா கதிரையை ஓரடி பின்னுக்கு இழுத்தான். பிறகு இருந்தான்.

"என்ர பேர் பாலேந்திரா," என்று தொடங்கினான். "அண்டைக்கு எனக்குப் பத்தொன்பது வயசு. குண்டு போட்ட துவக்கு என்ர தோளில இருந்தது."